மேற்படி, பக்கம் 31

உலக இலக்கிய வரலாற்றில் இன்று முதல் ஒரு திருத்தம் செய்யப்படுகிறது என்பதை அறிஞர் பெருமக்கள், ஆய்வு மாணவர்கள், நூலகர்கள், கருத்தரங்குகளுக்குப் பகல் உணவு வேளையில் மட்டும் வருகிறவர்கள் ஆகிய அனைவருக்கும் உரிய கனத்துடன் அறிவித்துக்கொள்கிறேன்: ஒன்பதாம் நூற்றாண்டில் ஒரு கவிதை குறைகிறது. வடகடல் ஓரத்தில் பனியிலும் பசியிலும் விறைத்துப்போய் உட்கார்ந்து, பெயர் தெரியாத மாலுமி ஒருவர் பாடியதாக நாம் முப்பத்தொரு வருடங்களாகப் போற்றிவரும் அந்த வரிகளுக்கும் மாலுமிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இத்தனை காலம் அவர் பெயரைக் கெடுத்ததற்கு மன்னிப்புக் கேட்கலாம்தான். பெயரும் இல்லை, ஆளும் இல்லை.

இதை அறிவிக்க உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். நியாயம். நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவன். மற்றவர்கள் எழுதியதில் கால், கொம்பு, புள்ளி எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா என்று முப்பத்து நாலு வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெரிய பெரிய அறிஞர்களை எல்லாம் உள்ளாடையோடு பார்த்தவன் நான். அதாவது, திருத்தத்துக்கு முன்.

அவர்களில் ஒருவர் என் அத்தான். அக்காவின் கணவர். வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ், ஆங்கிலோ-சாக்சன் பாடல்களைத் தமிழில் பாடம் நடத்திய பேராசிரியர். அந்தத் துறையில் அவர் ஒருவர்தான் என்பதால் தலைசிறந்தவர் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘கப்பல்’. வகுப்புக்குள் நுழைவது அப்படி இருக்கும்: முதலில் தொப்பை, பிறகு கோட்டு, அதற்கும் பிறகு குரல். வீட்டிலும் எழுத்துத் தமிழில்தான் பேசுவார். “இதில் உப்பு சற்றே குறைவுபடுகிறது” என்பார். அக்கா உப்பு டப்பாவை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, “குறைவுபட்டதை நிறைவுபடுத்திக்கோங்க” என்பாள்.

அக்கா போய் அப்போது ஒரு வருடம் ஆகவிருந்தது. நினைவுத் தோட்டத்தில் அவளுக்கு இடம் இருந்தது, கல் இல்லை. எண் எழுதிய தகரத் துண்டு ஒன்று செருகியிருந்தது. கல்லில் என்ன எழுதுவது என்று முடிவு செய்ய அத்தானுக்குப் பதினோரு மாதம் பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டார்.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஜன்னல். பக்கத்தில் அக்காவின் நாற்காலி. அதன் மேல் பழைய பத்திரிகைகளை அடுக்கியிருந்தார், வேறு யாரும் உட்காராமல் இருக்க என்று எனக்குப் பட்டது. ஜன்னல் திரைச்சீலை பாதி இழுத்தபடி நின்றது. அதை முழுக்கத் திறப்பதும் மூடுவதும் அக்காவின் வேலை. இப்போது பாதியிலேயே நிற்கிறது.

“ஒரு முக்கியமான பணி, மச்சான்” என்றார்.

அத்தானுக்கு எல்லாப் பணியும் முக்கியமானதுதான். பல்பு மாற்றுவதுகூட.

“கல்லில் என்ன பொறிப்பது என்று தீர்மானித்துவிட்டேன். அவளுக்குப் பிடித்த பாடல். அந்த மாலுமியின் பாடல்.”

அது எனக்கும் மனப்பாடம். அத்தானின் முதல் நூலில் 112ஆம் பக்கத்தில் வந்து, பிறகு பதினான்கு பேருடைய நூல்களில் எடுத்தாளப்பட்டு, ஒரு முறை கல்லூரி நாட்காட்டியிலும் அச்சானது:

*கப்பல் போனது, கரைக்குக் கை இல்லை அசைக்க.*
*திரையை விலக்கினேன்: திரை. திரையை மூடினேன்: திரை.*
*உப்பில் எழுதியதை உலர்த்தி வைத்தேன், ஒருவர் படிப்பாரென்று...*

“மூணு புள்ளி இருக்கே அத்தான். நாலாவது வரி?”

“கைப்பிரதியில் சிதைந்துவிட்டது.”

“யார் சொன்னா?”

“நான்தான். என் இரண்டாவது நூல், பக்கம் 40.”

தன்னையே மேற்கோள் காட்டும்போது அவர் குரல் ஒரு படி இறங்கும். பெரியவர்களைப் பற்றிப் பேசும் மரியாதை.

பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அவள் தினமும் முணுமுணுப்பாள், மச்சான். இந்த ஜன்னல் அருகே நின்று. என்னிடமிருந்து கற்றதுதான். ஆனால் அவள் நான்கு வரி சொல்வாள். நான்கு. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.”

“நாலாவது என்ன?”

கண்ணாடியை இன்னும் கொஞ்ச நேரம் துடைத்தார். “கவனிக்கல” என்றார்.

அவர் வாயிலிருந்து பேச்சுத் தமிழ் வந்து நான் கேட்டது அன்றுதான். நான் எந்த முகத்தோடு அவரைக் குறை சொல்வது? வாரம் இரண்டு முறை அந்த வீட்டில் சாப்பிட்டவன் நான். என் காதிலும் அது விழுந்திருக்கிறது. மூன்று வரியோடு காது தட்டில் இருந்த பொரியலுக்குத் திரும்பிவிடும்.

அடுத்த வியாழக்கிழமைக்குள் நான்காவது வரி வேண்டும். கல் வெட்டுகிறவரின் இயந்திரம் அன்றைக்குத்தான் காலி. விட்டால் இரண்டு மாதம். அக்கா தகரத் துண்டாக இன்னும் இரண்டு மாதம் இருக்க வேண்டாம் என்று அத்தான் நினைத்தார். நானும் நினைத்தேன். அவள் தினமும் சொன்ன ஒரு வரியை அவளிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். கேட்காமல் இருந்ததற்கு வேறு எப்படிக் கணக்குத் தீர்ப்பது?

முதலில் பதினான்கு நூல்களையும் பார்த்தேன். பதினான்கும் அத்தானைக் கைகாட்டின. ஒருவர் மட்டும் இன்னொருவரைக் கைகாட்டினார். அந்த இன்னொருவர் அத்தானைக் கைகாட்டினார். ஆராய்ச்சி என்பது வரிசையில் நின்று முன்னால் இருப்பவரின் முதுகைத் தொடுவது. வரிசையின் தலையில் அத்தான் நின்றார், 112ஆம் பக்கத்தில். அங்கே அடிக்குறிப்புகள் இரண்டு. முதலாவது, ஒரு தோல் சுவடித் தொகுப்பின் பெயர். இரண்டாவது, கவிதைக்குக் கீழே: ‘மேற்படி, பக்கம் 31.’

மேற்படி என்றால் முன்னால் சொன்ன அதே நூல். ஆகவே தோல் சுவடித் தொகுப்பு, பக்கம் 31. அந்தத் தொகுப்பு வைத்திருக்கும் நூலகம் கடல் கடந்து எங்கோ இருக்கிறது. அதன் காப்பாளர் ஓர் அம்மையார். அவருக்கு நானே எழுதினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கவிதையை மாற்றி அனுப்பினேன். ‘திரை’ வந்த இடத்தில் எல்லாம் ‘அலை’ என்று போட்டேன், ஏனென்றால் அத்தான் அதைப் பற்றிப் பதினோரு பக்கக் கட்டுரை எழுதியிருக்கிறார்: ‘அலைக்குள் அலை’. அந்தக் காலத்துக் கடலோரக் குடிசையில் ஜன்னலுக்குத் திரைச்சீலை ஏது, ஆகவே இரண்டு திரையும் அலையே, இது வடகடல் மனத்தின் இருண்ட ஆழம் என்பது அதன் சாரம். அந்தக் கட்டுரைக்கு மெய்ப்புப் பார்த்ததும் நான்தான். ‘ஆழம்’ என்ற சொல் இருபத்தாறு தடவை வந்தது. ஒரு தடவையும் பிழையில்லை.

மூன்றாம் நாள் பதில் வந்தது. அந்த அம்மையார் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். அந்தத் தொகுப்பில் மொத்தமே இருபத்திரண்டு பக்கம், முப்பத்தொன்றாம் பக்கம் வேண்டுமென்றால் நீங்கள்தான் எழுதித் தர வேண்டும் என்றார். பிறகு ஒரு பத்தி: ‘எங்கள் பழைய கவிஞர்கள் அலையை ஏறுவார்கள், பிளப்பார்கள், அதில் மூழ்கிச் சாவார்கள். யாரும் அலையை விலக்கி, மறுபடியும் மூடுவதில்லை. விலக்கி மூடுகிற வேறு ஏதாவது பொருளுக்கு உங்கள் மொழியில் இதே சொல் உண்டா?’

அச்சகத்தில் என் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல் இருக்கிறது. வெயிலுக்கு ஒரு பச்சைத் துணி தொங்குகிறது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரையை விலக்கினேன்: திரை. ஜன்னல் துணியை விலக்கினால் அலை தெரிகிறது. மூடினால் துணி தெரிகிறது. இரண்டுக்கும் ஒரே பெயர். தமிழ் பேசுகிற எந்தக் குழந்தையும் புரிந்துகொள்ளும். புரியாமல் போனது ஒரு பேராசிரியருக்கும், அவருக்குப் பின்னால் நின்ற பதினான்கு பேருக்கும், ஒரு மெய்ப்புப் பார்ப்பவனுக்கும்தான். நார்ஸ் மாலுமி தமிழில் சிலேடை பாட வாய்ப்பில்லை. யாரோ தமிழில் எழுதிய கவிதை இது. கடலைப் பார்த்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதியது.

அப்படியானால் மேற்படி யார்?

எங்கள் அச்சகத்தின் பின்கட்டில் ஓர் அறை உண்டு. பழைய புரூஃப் தாள்களைச் சாக்கில் கட்டி வைத்திருப்போம். எழுத்தாளர்கள் ‘நான் அப்படி எழுதவே இல்லை’ என்று சண்டைக்கு வந்தால் காட்டுவதற்கு. அத்தானின் முதல் நூல் ஏழாவது சாக்கில் இருந்தது. தாள்கள் பழுத்து, ஓரம் தூளாக உதிர்ந்தது. 112ஆம் பக்கத்தைப் பிரித்தேன்.

அதில் அடிக்குறிப்பு மூன்று இருந்தது.

ஒன்று, தோல் சுவடித் தொகுப்பு. அதற்குப் பிறகு நூலின் வாசகத்தில் ஒரு வாக்கியம்: ‘இதே பாணியில் நம் காலத்துத் தட்டச்சுப் பெண்ணொருத்தி செய்துள்ள முயற்சியும், ஆழம் போதாதெனினும், ஈண்டு நோக்கத்தக்கது (இறுதி வரி சிறப்பின்மையால் விடப்பட்டது).’ அதற்கு இரண்டாம் அடிக்குறிப்பு: அக்காவின் பெயர், ‘துறைமுக ஊழியர் சங்க ஆண்டு மலர்’. அடுத்து கவிதை. அதற்கு மூன்றாம் அடிக்குறிப்பு: ‘மேற்படி, பக்கம் 31’.

அந்த வாக்கியத்தின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. இரண்டாம் அடிக்குறிப்பின் குறுக்கே இன்னொன்று. ஓரத்தில் ‘இடம் போதாது’ என்று எழுதி, கீழே சுருக்கொப்பம். கொஞ்சம் அலங்காரமான சுருக்கொப்பம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அப்படித்தான் போடுவேன்.

ஞாபகம் வந்தது. பக்கத்தில் மூன்று வரி கூடிவிட்டது. எதிர்ப்பக்கம் முழுக்க ஒரு கப்பல் படம். கப்பலை வெட்ட முடியாது. அச்சுக் கோக்கிறவர், “எதையாவது தூக்குப்பா, மெஷின் நிக்குது” என்று கத்தினார். தூக்கினேன். மூன்றாவது குறிப்பு இரண்டாவதாக மாறியது. மேற்படி ஒரு படி மேலே ஏறி, தோல் சுவடியைப் பிடித்துக்கொண்டது. பெயரைக்கூட நான் படிக்கவில்லை. நீளத்தைத்தான் பார்த்தேன். திருத்திய தாளில் அத்தான் கையெழுத்துப் போட்டார். அவர் முன்னுரையை மட்டும்தான் படித்தார். மூன்று புள்ளிக்கு முன்பு ஒரு காரணம் இருந்தது. காரணம் போய்ப் புள்ளி மட்டும் நின்றது. சில வருடம் கழித்து அத்தானே அதைப் பார்த்துச் ‘சிதைவு’ என்று முடிவு கட்டினார்.

அக்கா அப்போது துறைமுக அலுவலகத்தில் தட்டச்சர். அவர்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். கப்பலில் வந்த இரும்பு, சிமெண்டு, தையல் இயந்திரம் எல்லாவற்றுக்கும் பகலில் பட்டியல் அடிப்பாள். சாயங்காலம் அத்தானின் நூலை அடிப்பாள். ‘ஆழம் போதாதெனினும்’ என்று அடித்ததும் அவள் விரல்தான். ஒரு பிழையும் இல்லாமல் அடித்திருந்தாள்.

மறுநாள் துறைமுக ஊழியர் சங்கத்துக்குப் போனேன். மாடிப்படி ஏறியதும் ஒரு நீண்ட அறை, முன்னாள் தலைவர்களின் படங்கள், ஒரு கேரம் பலகை. செயலாளர் நாற்காலியில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

“ஆண்டு மலரா? எல்லா வருஷமும் இருக்கு சார். முதல்லேருந்து பைண்டு பண்ணி, அந்தக் கண்ணாடி அலமாரில வச்சிருக்கோம். ரொம்பப் பாதுகாப்பா இருக்கு.”

“பார்க்கலாமா?”

“வெளியிலேருந்து பார்க்கலாம். சாவி தொலைஞ்சு ஒன்பது வருஷம் ஆச்சு. அதனாலதான் பாதுகாப்பா இருக்கு.”

“கொஞ்சம் அவசரம். எங்க அக்கா எழுதினது ஒண்ணு உள்ள இருக்கு. இங்கதான் டைப்பிஸ்ட்டா இருந்தாங்க.”

“பேரு?”

சொன்னேன். அவர் பல் குத்துவதை நிறுத்தினார். “சம்பள உயர்வு மனு அடிச்சுக் குடுத்த அக்காவா? அப்ப நான் கிளீனரா இருந்தேன். ‘இப்படி அழுதா தரமாட்டாங்க, நாலு வரில கேளுங்க’ன்னு மாத்தி எழுதிக் குடுத்தாங்க. கிடைச்சுது சார்.” எழுந்து போய் ஒரு திருப்புளி கொண்டுவந்தார். “பூட்டு அப்படியே இருக்கட்டும். கதவுக் கீலக் கழட்டிடுவோம்.”

அரை மணி நேரத்தில் கதவு பூட்டோடு தனியாக வந்தது. நான் ஒரு பக்கம், முன்னாள் கிளீனர் ஒரு பக்கம் அதைத் தூக்கிச் சுவரில் சாய்த்தோம்.

பக்கம் 31. மேலே தீயணைப்பு விதிகள். கீழே கிழமை வாரியாகக் கிரேன் பராமரிப்பு அட்டவணை. நடுவில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் அக்காவின் பெயர். தலைப்பு, ‘இரண்டாம் மாடி ஜன்னல்’. நான்கு வரி. நான்காவது:

*முகம் பார்த்தேன் கண்ணாடியில்; முகத்திலும் ஒரு திரை.*

அலை, ஜன்னல் துணி, கடைசியில் முகச் சுருக்கம். எழுதும்போது அவளுக்கு வயது இருபத்தாறு. சிறப்பின்மையால் விடப்பட்ட வரி இதுதான்.

படித்ததும் வேறு ஒன்று ஞாபகம் வந்தது. வராமல் இருந்திருக்கலாம்.

நூல் அச்சாகி வந்த அன்று, முதல் பிரதிகளை வாங்கிப்போக அக்காதான் அச்சகத்துக்கு வந்தாள். அங்கேயே பிரித்து, 112ஆம் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஆள்காட்டி விரலை அடிக்குறிப்பில் வைத்து, “தம்பி, இந்த மேற்படி யாருடா?” என்றாள்.

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். தொழில் கேள்வி அல்லவா? “மேல சொன்ன ஆள்தான் அக்கா. தோல் சுவடி.”

“ரொம்ப வயசான ஆளோ?”

“ஆயிரத்து நூறு வருஷம்.”

“அதான் முகத்துல திரை விழுந்துடுச்சு” என்று சிரித்துவிட்டு, புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். எனக்குப் புரியவில்லை. புரியாத நகைச்சுவைக்குச் சிரிப்பது என் பழக்கம், சிரித்தேன். அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் இவ்வளவு வருடமும் ஒரு பொருளும் வைத்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் எதுவும் எழுதியதாகத் தெரியவில்லை. அத்தான் முதன்முறையாக அந்தக் கவிதையைப் பற்றி மேடையில் பேசியபோது மூன்றாவது வரிசையில் அவள் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். “இதன் ஆழத்தை அளக்க நம்மிடம் கயிறு இல்லை!” என்று அத்தான் முழங்கினார். அக்கா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கொட்டாவி என்று நினைத்தேன்.

புதன்கிழமை காலை ஆண்டு மலரோடும் புரூஃப் தாளோடும் அத்தான் வீட்டுக்குப் போனேன். நடுவில் கல் வெட்டுகிறவர் போன் செய்தார்.

“சார், நாளைக்கு வெட்டணும். பாட்டுக்குக் கீழ ‘வடகடல் பழம்பாடல், ஒன்பதாம் நூற்றாண்டு’ன்னு உங்க அத்தான் குடுத்திருக்கார். நூற்றாண்டு எழுத்துல வேணுமா, நம்பர்ல வேணுமா? எழுத்துன்னா இடிக்குது.”

“ரெண்டும் வேண்டாம். இருங்க, சொல்றேன்.”

அத்தான் முதலில் ஆண்டு மலரைத்தான் வாங்கினார். நான்காவது வரியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பிறகு கட்டத்துக்கு மேலே இருந்த பெயரைப் பார்த்தார். பிறகு ஆண்டைப் பார்த்தார். ஓர் அறிஞர் சிந்திப்பதை நான் மிக அருகிலிருந்து பார்த்தேன்.

“ஆக” என்றார், “என் ஆய்வுக் குறிப்புகளிலிருந்து எடுத்து, தன் பெயரில் இதில் போட்டிருக்கிறாள். சிறுபிள்ளைத்தனம். அந்த வயதில் அப்படித்தான்...”

“அத்தான்.”

“குற்றமாகச் சொல்லவில்லை, மச்சான். மன்னிக்கக்கூடியதுதான்.”

“மலர் வந்தது உங்க கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முன்னாடி. அப்ப அவ உங்களப் பார்த்ததே இல்ல.” புரூஃப் தாளை அவர் முன்னால் விரித்தேன்.

படித்தார். ஒரு தடவை, இன்னொரு தடவை. ‘ஆழம் போதாதெனினும்’ என்ற இடத்தில் விரல் நின்றது. அது நகரவே இல்லை.

“இந்தச் சிவப்புக் கோடு?”

“நான்தான்.”

“எழுதினது நான்” என்றார்.

“தட்டினது அவ” என்றேன்.

மேஜையில் உப்பு டப்பா இருந்தது. அதை அவர் கொஞ்சம் நகர்த்தி, திரும்பவும் பழைய இடத்திலேயே வைத்தார்.

“மறந்தே போயிட்டேன், மச்சான். சத்தியமா. இது அவளோடதுன்னு தெரிஞ்சுதான் புத்தகத்துல சேர்த்தேன். அவளுக்கு ஒரு சந்தோஷமா இருக்கட்டும்னுதான் சேர்த்தேன். அப்புறம் அச்சுல பார்த்தப்ப... நல்லா இருந்துது. ரொம்ப நல்லா இருந்துது. இவ்வளவு நல்லா இருக்கறது பழசாத்தான் இருக்கும்னு...” முடிக்கவில்லை. “அவ ஏன் சொல்லல?”

“சொன்னா அத்தான். தினம் ரெண்டு வேளை. இதே ஜன்னல்கிட்ட நின்னு.”

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அழகாகச் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசையில் வந்தது. மற்றவர்களின் ஆடம்பரத்தைக் குத்தி ஓட்டை போடுவதில் எனக்கு ஒரு தேர்ச்சி உண்டு. அன்றைக்கு எதிரே காற்றே இல்லை. ஒரு வயதானவர் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். அவர் எழுந்து ஜன்னல் அருகே போய், பாதியில் நின்ற திரைச்சீலையைப் பிடித்தார். இழுத்தார். வளையம் ஒன்று சிக்கிக்கொண்டது. அதை எப்படி விடுவிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் போய் விடுவித்தேன். எதிர் வீட்டுச் சுவர் தெரிந்தது.

“கல்லுல அவ பேரு வரட்டும்” என்றார், சுவரைப் பார்த்தபடி. “பாட்டுக்குக் கீழ. யார் எழுதினாங்கன்னு.”

வியாழக்கிழமை காலை இரண்டு பேருமாகக் கல் வெட்டும் பட்டறைக்குப் போனோம். பெரிய கொட்டகை, தரை, கூரை, காலண்டர் எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூசி. சுவரில் பழைய உளிகளை வரிசையாக மாட்டியிருந்தார்கள், வாடிக்கையாளர்கள் பார்க்க. வேலையெல்லாம் கம்ப்யூட்டரில்தான். எழுத்தை ரப்பர் தாளில் வெட்டி, கல்லில் ஒட்டி, மணலை வேகமாகப் பீய்ச்சினால் ஆயிற்று. வெட்டுகிறவர் மூக்கை மூடியிருந்த துணியைக் கீழே இறக்கிவிட்டுத் திரையில் அமைப்பைக் காட்டினார். மேலே அக்காவின் பெயர், கீழே இரண்டு தேதிகள், அதற்கும் கீழே நான்கு வரி.

“பாட்டுக்கு அடியில எழுதினவங்க பேரு வரணும்னீங்க. என்ன பேரு சார்?”

சொன்னேன்.

“அது மேலயே இருக்கே.”

“ஆமா. எழுதினதும் அவங்கதான்.”

“அது சரி சார். ஆனா ஒரே கல்லுல ஒரே பேரு ரெண்டு தடவை வந்தா, பாக்கறவங்க ரெண்டு பேரப் புதைச்சிருக்குன்னு நினைப்பாங்க. எனக்கு அனுபவம் இருக்கு. இடமும் பாருங்க, இவ்வளவுதான்.” விரலால் அளந்து காட்டினார். யோசித்தார். முகம் தெளிந்தது. “ஒண்ணு பண்ணலாம் சார். ஆபீஸ்ல போடுவாங்கல்ல? ஒரு கோடு போட்டு, ‘மேற்படி’ன்னு வச்சுடறேன். அளவா உக்காந்துடும்.”

நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் என்னைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. எனக்கும் என்னுடையது என்னவென்று தெரியவில்லை. வெட்டுகிறவர் பயந்துபோய், “வேணாம்னா எழுத்தச் சின்னதாக்கிப் பார்க்கறேன் சார்” என்றார்.

“வேண்டாம்ப்பா” என்றார் அத்தான். “போடு. அதுதான் சரி.”

சரிதான். முப்பத்தொரு வருடங்களில் முதல்முறையாக அந்தச் சொல்லுக்கு மேலே சரியான ஆள் இருந்தாள்.

ரப்பர் தாள் வெட்டுவதற்கு முன் அச்செடுத்த காகிதத்தை என்னிடம் நீட்டினார். “எதுக்கும் ஒரு தடவை படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுடுங்க சார். கல்லுல விழுந்துட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது.” கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தூசியைத் தட்டிவிட்டு, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தேன். கண் கொஞ்சம் மங்கலாக இருந்தது. பார்த்துவிட்டு ஒப்பமிட்டேன், அலங்காரம் எதுவும் இல்லாமல். அத்தான் வெளியே ஒரு கல் பலகையில் உட்கார்ந்து, இயந்திரம் ஓடி முடிக்கும் வரைக்கும் நான்கு வரியையும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

கல் நட்டு எட்டு மாதம் ஆகிறது. முதல் வரியில் ‘கரைக்குக் கை’ என்பதில் ஒரு ‘க்’ இல்லை.